சொட்டும் குழாயும் 1582-ஆம் ஆண்டும்: அறிவியலும் வரலாறும் சிரிப்பும் கலந்த கவிதையை எழுதும் முறை

அறிவியல் செய்தியையும் வரலாற்று நிகழ்வையும் அன்றாட வாழ்வையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்து, இடையில் வாசகரைச் சிரிக்கவும் வைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். விருப்பம் நல்லது, ஆனால் எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் அறிவியல் ஓர் அணிகலனாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, வரலாறு பாடப்புத்தகத்திலிருந்து எட்டிப் பார்க்கிறது, நகைச்சுவை கடைசி வரியில் ஒட்டவைக்கப்படுகிறது. கவிதைக்குள் வரும் ஒவ்வோர் உண்மைக்கும் அங்கே செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் அடிப்படை. அந்த வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி ஒப்படைப்பது என்பதை ஒரு கவிதையை முழுமையாக எழுதிக் காட்டியே விளக்க முயல்கிறேன்.

இந்தக் கலப்பு தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. சங்கப் புலவர் ஒருவர் தம் அரசனின் மறைவைப் பாட வந்தபோது, பங்குனி மாதத்து நள்ளிரவில் எந்த விண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று வரிசையாகக் குறித்துவிட்டு, அந்த வானத்தில் ஒரு மீன் எரிந்து விழுந்ததையும், அதைக் கண்டு தாமும் பிறரும் அஞ்சியதையும், ஏழாம் நாள் அரசன் இறந்ததையும் சொல்கிறார். வானத்தின் அந்தத் துல்லியமான கணக்கை நீக்கிவிட்டால் பாடலில் அச்சமும் நீங்கிவிடும். செய்தி அங்கே செய்யும் வேலை அதுதான்.

எங்கிருந்து தொடங்குவது

அறிவியலிலிருந்து தொடங்க வேண்டாம். வீட்டுப் பொருளிலிருந்தோ, தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஒரு வேலையிலிருந்தோ, தினமும் எரிச்சலூட்டும் ஒரு சிறு விஷயத்திலிருந்தோ தொடங்குங்கள். வாசகர் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருள் அது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் எவ்வளவு தொலைவுக்கும் வரத் தயாராக இருப்பார். மாறாக, முதல் வரியிலேயே பேரண்டத்தின் விரிவைக் காட்டினால், அதற்குப் பிறகு வரும் துணிகாயும் கொடியும் பழைய செருப்பும் இறங்குமுகமாகவே தோன்றும்.

ஒரு குறிப்பேட்டில் இரண்டு பகுதிகளை வைத்துக்கொள்வது பயன் தரும். ஒன்றில் அன்றாடப் பொருள்களும் சச்சரவுகளும். மற்றொன்றில் படித்தபோது நெஞ்சில் தைத்த உண்மைகள். இரண்டாவது பகுதியில் எழுதும்போது ஆண்டு, இடம், அளவு, அலகு ஆகியவற்றையும் அது எங்கே படித்தது என்பதையும் கட்டாயம் குறியுங்கள். பிறகு இரண்டையும் வலிந்து இணைக்காமல் அவ்வப்போது சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தால் போதும். சில இணைகள் தாமாகவே கண்ணில் படும்.

நிலா பூமியைவிட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. 1969-இல் அப்பல்லோ 11 பயணத்தினர் நிலவில் வைத்துவிட்டு வந்ததைப் போன்ற எதிரொளிப்பான்களின் மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து இதைக் கண்டறிகிறார்கள். கைவிரல் நகமும் ஓராண்டில் ஏறத்தாழ அதே அளவுதான் வளர்கிறது. நகவெட்டியும் நிலவும் இப்படி அருகருகே வந்துவிடுகின்றன. ஆனால் இந்த ஒற்றுமையைப் பலரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். ஆகவே அதைச் சொல்வதோடு நின்றுவிட்டால் கவிதை துணுக்காகிவிடும். யார் யாருக்கு நகம் வெட்டிவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் அது கவிதையாகத் தொடங்கும். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் தந்தைக்கு மகள் வெட்டிவிடுகிறாள் என்றால், அந்த 3.8 சென்டிமீட்டர் சட்டென்று வேறோர் எடை பெறுகிறது.

எடை என்றதும் இன்னொன்று. 1889 முதல் 2019 மே 20 வரை, ஒரு கிலோகிராம் என்பது பாரிஸுக்கு அருகே செவ்ரே என்னும் இடத்தில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் வைக்கப்பட்டிருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றின் நிறையாக இருந்தது. அதையும் அதன் அதிகாரபூர்வப் பிரதிகளையும் ஒப்பிட்டபோது, ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு உண்டாகியிருந்தது தெரியவந்தது. ஆனால் அன்றைய வரையறைப்படி அந்த உருளைதான் கிலோகிராம். அது தவறாக இருக்கவே முடியாது. அது இளைத்தால், உலகத்தில் மற்ற எல்லாமே பருத்துவிட்டதாகத்தான் சொல்ல வேண்டும். குளியலறை எடைப்பொறியின் மீது நின்று முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கவிஞர் இங்கே நகைச்சுவையைச் சேர்க்க வேண்டியதே இல்லை. அது உண்மைக்குள்ளேயே இருக்கிறது, அதை இடம் மாறாமல் எடுத்துவைத்தால் போதும்.

ஒரு கவிதையை எழுதிப் பார்ப்போம்

அன்றாடப் பொருள்: மூடினாலும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய், அதைச் சரிசெய்வதாகத் தினமும் கொடுக்கப்படும் வாக்குறுதி. உண்மை: நாட்காட்டிச் சீர்திருத்தம்.

முதலில் உண்மையை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் அதுவரை வழக்கில் இருந்த ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டை 365.25 நாள் என்று கொண்டது. பருவங்கள் ஒரு சுற்றை முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வர ஆகும் காலமோ ஏறத்தாழ 365.2422 நாள். வேறுபாடு ஆண்டுக்குப் பதினொரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டுக்குள், மார்ச் 21-இல் வர வேண்டிய சம இரவு நாள் (பகலும் இரவும் ஏறத்தாழ சமமாக இருக்கும் நாள்) மார்ச் 11-ஐ ஒட்டி வரத் தொடங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய, போப் பதின்மூன்றாம் கிரகோரியின் ஆணைப்படி, 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என்று அறிவிக்கப்பட்டது. புதிய முறையை வகுத்த மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ், அது நடைமுறைக்கு வருவதைப் பார்க்காமலேயே 1576-இல் இறந்துவிட்டார்.

இந்தப் பொருளை வைத்துப் பலர் எழுதக்கூடிய கவிதை இப்படி அமையும்:

காலமே, நீ
365.2422 நாள்களின்
பிரபஞ்சக் குழாய்.
உன் கசிவில்
நனைகிறது என் இருப்பு.

இதில் ஐந்து வரிகளில் ஒருவர்கூட எதையும் செய்யவில்லை. எண் மிரட்டுவதற்காக நிற்கிறது. குழாய் எந்த வீட்டுக் குழாய் என்று தெரியவில்லை. "இருப்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "கசிவு" என்பது பொய். ஜூலியன் ஆண்டு உண்மையான ஆண்டைவிட நீளமானது. அங்கே நிமிடங்கள் ஒழுகிப்போய்க் குறையவில்லை, ஆண்டுதோறும் கூடுதலாகச் சேர்ந்துகொண்டே வந்தன. இந்தத் திசையைச் சரியாகப் பிடித்தால் கவிதைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது: குழாயின் கீழே வைத்த வாளி. சொட்டுச் சொட்டாக நிறைவதும், ஒரு நாள் கவிழ்த்துக் கொட்ட வேண்டியதாவதும் அந்த வாளியின் வரலாறு. அதுவே நாட்காட்டியின் வரலாறும். துல்லியத்தைக் கற்பனைக்கு விதிக்கப்பட்ட தடையாக நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கணக்கைச் சரிபார்த்ததனால்தான் படிமமே கிடைத்தது.

இப்போது கவிதை:

ரோம், 1582

குழாய் சொட்டுகிறது. கீழே ஒரு வாளி.
காலையில் முதல் வேலை இதுதான் என்று
சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

அக்டோபர் 4, வியாழக்கிழமை இரவு
அங்கே ஒருவன் இதையே சொல்லிப் படுத்தான்.
சொன்ன சொல் தவறாமல்
மறுநாளே எழுந்தான்.
வெள்ளிக்கிழமை.
அக்டோபர் 15.

பத்து நாள் என்ன செய்தாய் என்று
அவனை யாரும் கேட்க முடியாது.
ஆண்டுக்குப் பதினொரு நிமிடம்
கூடுதலாகச் சொட்டிச் சொட்டி
நிறைந்துவிட்டதைக் கவிழ்த்துக் கொட்ட
ஒரு போப்பின் ஆணை வேண்டியிருந்தது.

எங்கள் வாளி
இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது.

தலைப்பு செய்கிற வேலையை முதலில் பாருங்கள். இடத்தையும் ஆண்டையும் தலைப்பு ஏற்றுக்கொண்டதால், கவிதை நேராகக் குழாயில் தொடங்க முடிகிறது, அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை. வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய செய்தி எதுவாக இருந்தாலும், அதைத் தலைப்பிலோ கவிதையின் நடுவில் வெளிப்படையான ஒரு வாக்கியமாகவோ சொல்லிவிட வேண்டும். அடிக்குறிப்பைப் படித்த பிறகு திரும்பவும் மேலே ஏறி வரச் சொன்னால், சிரிப்பு வழியிலேயே இறங்கிப் போய்விடும்.

அடுத்து வினைச்சொல். தமிழ் வாக்கியத்தில் முற்று வினை இறுதியில் வருவது நகைச்சுவைக்கும் வியப்புக்கும் நம் மொழி கொடுத்திருக்கும் பெரிய வசதி. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், வாசகர் முடிவை எதிர்பார்த்திருக்கும் இடத்தில் வினையை இறக்கலாம். "நிறைந்துவிட்டதைக் கவிழ்த்துக் கொட்ட" என்று நீண்டு வரும் வாக்கியம், ஒரு வாளித் தண்ணீருக்குப் போப்பின் ஆணை என்ற இடத்தில் வந்து முடிவது அதனால்தான். வினையே இல்லாமல் நிறுத்துவதும் பலிக்கும். "வெள்ளிக்கிழமை. அக்டோபர் 15." என்ற இரண்டு துண்டுகளுக்கும் வினை இல்லாததால், எழுந்தவன் நாட்காட்டியைப் பார்த்து நிற்கும் நேரம் அங்கே உண்டாகிறது.

எண்களை எழுத்தில் பார்ப்பதோடு வாயாலும் சொல்லிப் பாருங்கள். 1582 என்பது தாளில் நான்கு இலக்கம். சொல்லும்போதோ "ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்திரண்டு" என்று ஒரு முழு வரியைப் பிடித்துக்கொள்ளும். தலைப்பில் அது இடைஞ்சல் இல்லை, வரிகளுக்கு நடுவில் இருந்தால் ஓசையைத் தடுத்திருக்கும். "பதினொரு நிமிடம்" எளிதாக ஓடுகிறது. 365.2422 என்பதை எந்த ஓசையிலும் கொண்டுவர முடியாது; எனவே அது கவிதைக்கு வெளியே நின்றது.

வெளியே நின்றவற்றில் லிலியஸும் ஒருவர். தம் கணக்கு வெற்றி பெறுவதைப் பார்க்காமல் இறந்த மனிதர் என்பது மனத்தைத் தொடும் செய்தி. ஆனால் இந்தக் கவிதையின் உலகம் ஒரு வாக்குறுதியைத் தள்ளிப்போடுகிற மனிதனுடையது. லிலியஸ் உள்ளே வந்தால் துயரம் வேறு பக்கம் இழுக்கும். நல்ல செய்தி ஒன்றை விட்டுவிட மனம் வராதது இயல்பே. அவருக்கு ஒரு தனிக் கவிதையை ஒதுக்கிவைத்துவிட்டு மேலே நகருங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். கவிதையிலிருந்து உண்மையை நீக்குங்கள்: மிஞ்சுவது சோம்பல் பற்றிய நாட்குறிப்பு. குழாயை நீக்குங்கள்: மிஞ்சுவது பொது அறிவுத் துணுக்கு. இரண்டில் எதை நீக்கினாலும் கவிதை விழுந்துவிட வேண்டும். ஒன்றை நீக்கிய பிறகும் அது நின்றுகொண்டிருந்தால், நீக்கியது தேவையில்லாதது.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

இந்த வகைக் கவிதையில் சிரிப்பு பெரும்பாலும் அளவு வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. மிகப் பெரியதும் மிகச் சிறியதும் ஒரே வாக்கியத்தில் ஒரே மரியாதையோடு நடத்தப்படும்போது வாசகர் சிரிக்கிறார். ஆகவே சிறியதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டாம். வாளியைப் பற்றியும் போப்பைப் பற்றியும் ஒரே தொனியில் பேசுங்கள். சிரிக்க வேண்டிய இடம் இது என்று வாசகருக்கு அறிவிக்கும் சொற்களை, வியப்புக்குறி உட்பட, எடுத்துவிடுங்கள்.

எவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் கவனம் தேவை. 1998-இல் செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம், விசையை ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் மறு தரப்பு நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதனால் 1999-இல் தொலைந்துபோனது. அலகு எழுத மறந்ததற்காக மதிப்பெண் இழக்கும் மாணவரை அதன் பக்கத்தில் நிறுத்தினால், சிரிப்பு அதிகாரத்தின் பெருமிதத்தின் மீது விழுகிறது. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் அனுப்பப்பட்ட லைக்கா என்னும் நாயின் செய்தி அப்படிப்பட்டதன்று. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஏற்பாடும் இல்லாமலேயே அனுப்பினார்கள். அந்தக் கவிதையில் சிரிப்பு இருக்கலாம். ஆனால் அனுப்பியவர்களின் அறிக்கை மொழியைப் பார்த்துச் சிரிக்கலாமே தவிர, நாயைத் தொடக்கூடாது.

வரலாறு ஆளாக வரட்டும்

"வரலாற்றின் பக்கங்கள்" என்ற தொடர் கவிதையில் வந்தால் அங்கே வரலாறு இல்லை என்று பொருள். ஒரு நாள், ஓர் அறை, ஒரு கை வேண்டும். 1895 டிசம்பர் 22 அன்று வில்ஹெல்ம் ராண்ட்ஜன் தாம் புதிதாகக் கண்டறிந்த கதிர்களைக் கொண்டு தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்புகளோடு அவர் விரலில் இருந்த மோதிரமும் கறுப்பாகப் பதிந்தது. கதிர்களின் கண்டுபிடிப்பு என்பதைவிட, சதையை ஊடுருவிய ஒளி மோதிரத்தில் நின்றுவிட்டது என்பதில்தான் கவிதை இருக்கிறது. திருமணமான எவரும் அந்தப் படத்துக்குள் நுழைய முடியும். அதுபோலவே மேரி கியூரியின் குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் இருக்கிறது. அவற்றில் படிந்திருக்கும் ரேடியம்-226-இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டு. பழைய கடிதங்களைத் தூக்கி எறிய முடியாமல் வைத்திருக்கிறவர்களைப் பற்றி எழுத நினைத்தால், இந்தச் செய்தியை விளக்காமல் பக்கத்தில் வைத்தாலே போதும்.

மேலே ரோமில் படுத்தவனை "ஒருவன்", "எழுந்தான்" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. மரியாதைப் பன்மை அவனை வரலாற்று மனிதராக்கித் தள்ளிவைத்திருக்கும். ஒருமை அவனைப் பக்கத்து வீட்டுக்காரனாக்குகிறது. பெயர் பெற்ற அறிஞர்களை எழுதும்போது மரியாதைப் பன்மை தானாக வந்துவிடும்; அந்தக் கவிதைக்கு எந்தத் தொலைவு வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் முடிவுசெய்யுங்கள்.

எடுக்கக் கூடாதவை

சில உண்மைகள் உண்மையே இல்லை. மனிதர் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறார் என்பது தவறு. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பதும் தவறு. பழைய சன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பது கண்ணாடி மெல்ல வழிவதால் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது செய்யப்பட்ட முறையால் வந்த தடிப்பு. இவை கவிதைக்கு மிகவும் ஏற்றவையாகத் தோன்றும், அதனாலேயே ஆபத்தானவை. தவறு என்று தெரிந்த வாசகர் அந்த வரியில் கவிதையை மூடிவிடுவார்.

உண்மையாகவே இருந்தும் தேய்ந்துபோனவை வேறு உண்டு. பிரிவுக்குக் கருந்துளை, குழப்பத்துக்குக் குவாண்டம், பரம்பரைக்கு டி.என்.ஏ., தற்செயலுக்கு வண்ணத்துப்பூச்சியின் சிறகடிப்பு, எல்லாவற்றுக்கும் விண்மீன் துகள். இவற்றை ஓராண்டுக்காவது ஒதுக்கிவைத்தால் வேறு பொருள்கள் தாமே முன்வரும்.

அறிவியல் மாறக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். 1930-இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ 2006 ஆகஸ்ட் வரை கோளாக இருந்தது. பிறகு குறுங்கோள் ஆனது. ஒன்பது கோள்கள் என்று பொதுவாக எழுதிய வரி இன்று பிழை. பள்ளிச் சுவரில் 1995-இல் மாட்டியிருந்த படத்தில் ஒன்பது கோள்கள் என்று எழுதிய வரி இன்றும் உண்மை. செய்தியோடு அதன் ஆண்டையும், அதை நம்பிய மனிதரையும் சேர்த்துவிட்டால், அறிவியல் திருத்தப்பட்ட பிறகும் கவிதை திருத்தம் கேட்காது. புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பாவின் சாம்பலில் ஒரு பகுதியை நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சுமந்து சென்றது. 2006 ஜனவரியில் புறப்பட்ட அது 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்தது. புறப்பட்டபோது கோளாக இருந்தது, போய்ச் சேர்ந்தபோது கோளாக இல்லை. ஊரைவிட்டுப் போய்த் திரும்பிய எவருக்கும் இந்த அனுபவம் அந்நியமானதன்று.

திருத்தும்போது

சொற்களைக் குறைத்துக்கொண்டே வரும்போது உண்மையும் சேர்ந்து வெட்டுப்படுவது உண்டு. மேலே உள்ள தலைப்பிலிருந்து "ரோம்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் தலைப்பு அழகாகத் தோன்றலாம். ஆனால் கவிதை பொய்யாகிவிடும். பிரிட்டன் 1752-இல்தான் மாறியது. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31-க்கு அடுத்து பிப்ரவரி 14 வந்தது. 1582-இல் அதே இரவு லண்டனில் படுத்தவன் மறுநாள் அக்டோபர் 5-இல்தான் எழுந்தான். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும், குறிப்பேட்டில் எழுதிவைத்த ஆண்டையும் இடத்தையும் அலகையும் எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இயன்றால் அந்தத் துறை தெரிந்த ஒருவரிடமும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடமும் படித்துக் காட்டுங்கள். முதலாமவர் முகம் சுளிக்கும் இடத்தில் செய்தி பிழை, இரண்டாமவர் விழிக்கும் இடத்தில் சொன்ன முறை பிழை.

இப்படி ஒப்பிடும்போது புதிய பொருள்களும் கிடைக்கும். பிரான்ஸ் 1582 டிசம்பர் 9-இலிருந்து நேராக 20-ஆம் தேதிக்குத் தாவியது. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் இங்கிலாந்து பழைய தேதியிலேயே இருந்தது. அந்த வாரத்தில் பிரான்ஸின் கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் படகில் போன கடிதம், அது எழுதப்பட்ட தேதிக்கு முந்தைய தேதியில் கைக்குக் கிடைத்திருக்க முடியும். செய்திக்குப் பதில் வராமல் காத்திருக்கும் ஒருவரைப் பற்றி எழுத நினைக்கிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.